சானியா பார்த்த கால்கள்

அத்தியாயம் பதினொன்று

வேலூரில் இருந்து சானியாவை வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள் என்பதோடு போன வாரம் நின்றோம். எப்படிக் கூட்டிவந்தார்கள் என்று சொல்லவில்லை. கவிழ்த்துத்தான் கூட்டிவந்தார்கள். வேனின் பின்சீட்டில் அம்மியின், அதாவது அம்மாவின், மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வந்தவள், ஊர் வந்து சேரும்வரை வழியில் ஒரு மரத்தைக்கூடப் பார்க்கவில்லை. மலை தெரியுதா என்று மட்டும் ஒருமுறை கேட்டாள். தெரியுது என்றாள் அம்மி.

வீட்டுக்கு வந்த பிறகும் அதே கதைதான். அவளுடைய வலது கண்ணுக்குள் டாக்டர் ஒரு காற்றுக் குமிழியை வைத்து அனுப்பியிருக்கிறார். காற்று எப்போதும் மேலேதான் போகும். முகம் தரையைப் பார்த்திருந்தால் அது கண்ணின் பின்பக்கம் போய், கழன்று தொங்கிய விழித்திரையைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். நிமிர்ந்தால் பிடி விட்டுப்போகும். சாப்பிட, பாத்ரூம் போக என்று எழுந்தாலும் தலை குனிந்தபடியே இருக்க வேண்டும்.

சானியாவுக்குப் பதினாறு வயசு. உடம்பு அவள் அப்பா தௌஹீத்தின் உடம்பு. பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டாது. கழுத்து குறுகல், நெஞ்சு முன்னால் தள்ளியிருக்கும், நடந்தால் படகு மாதிரி ரெண்டு பக்கமும் ஆடும். விவரம் தெரியாத வயசிலேயே கண்ணாடி போட்டவள். வருசத்துக்கு வருசம் அந்தக் கண்ணாடி தடித்துக்கொண்டே வந்ததே தவிர, எலும்புக்கும் கண்ணுக்கும் ஒரு உறவு உண்டு என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

கண்ணுக்குள் மின்னல் வெட்ட ஆரம்பித்தபோது அவளுக்குக் காலாண்டுப் பரீட்சை. பரீட்சை முடியட்டும் என்று யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டாள். கறுப்பாக ஒரு நிழல் பாதிக் கண்ணை மூடிய பிறகுதான் வாயைத் திறந்தாள். அதற்குள் விழித்திரையின் நடுப்பாகம் கழன்றுவிட்டது. இடது கண்ணுக்கு முன்கூட்டியே லேசர் போட்டுக் காப்பாற்றியாச்சு. வலது கண்ணில் பார்வை எவ்வளவு திரும்பும் என்பதைக் குமிழி கரைந்த பிறகுதான் சொல்ல முடியும் என்றார் டாக்டர் எழிலரசி.

இதெல்லாம் முன்கதை. இன்றைக்குப் பௌர்ணமி.

தௌஹீத்துக்குத் தொழில் ஆட்டோவுக்கு சீட்டு தைப்பது. செங்கம் ரோட்டைப் பார்த்தபடி முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. ஆஸ்பத்திரியில் கவிழ்ந்து உட்கார ஒரு நாற்காலி வைத்திருந்தார்கள். அது நல்ல உயரம் உள்ளவர்களுக்குச் செய்தது. சானியாவின் முகம் அதன் வளையத்துக்கு எட்டவில்லை. எட்ட வைக்கலாம் என்றால், கழுத்து எலும்பு பலமில்லாதது, வளைக்கக் கூடாது என்றார்கள். தௌஹீத் அதை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தான். அன்றைக்கே ஊருக்கு வந்து பலகை அடித்து, ஆட்டோ சீட்டுக்குப் போடுகிற ஃபோமை மகளின் அளவுக்கு வெட்டி, முகம் பதிய ஒரு வட்டத்தைக் குடைந்து வைத்துவிட்டுத் திரும்பிப் போனான்.

இப்போது அந்தப் பலகை கடைக்குள்ளேயே இருக்கிறது. அவன் தைத்துக்கொண்டே மகளைப் பார்த்துக்கொள்ளலாம். கண்ணாடி கீழே விழாமல் இருக்க எலாஸ்டிக் வைத்துத் தலையைச் சுற்றிக் கட்டியிருக்கிறான். பலகைக்கு அடியில் தரையில் பழைய ஆட்டோவின் சைடு மிரர் ஒன்றைச் சாய்த்து வைத்திருக்கிறான். அதில் ரோடு தெரியும். ரோடு என்றால் முழுசாக இல்லை. முழங்கால் வரைக்கும்.

சானியா அந்த மிரரில் உலகத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

காலையிலேயே கிரிவலக் கால்கள் வர ஆரம்பித்துவிட்டன. எல்லாம் செருப்பில்லாத கால்கள். மெட்டி போட்ட கால், வெடித்த குதிகால், ஈர மண் அப்பிய வெள்ளைக்காரக் கால். ஒவ்வொரு காலுக்கும் ஒரு முகம் ஒட்டிப் பார்ப்பது அவளுடைய விளையாட்டு. நேற்று அம்மியிடம், ஓரமாகவே நடக்கிற காலெல்லாம் வீட்டில் திட்டு வாங்குகிற கால் என்று சொன்னாள். அப்படிப் பார்த்தா உங்க அப்பா சாக்கடையிலதான் நடக்கணும் என்றாள் அம்மி.

அம்மி சாயிரா பானு ஆசிரமத்துப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலை செய்கிறாள். அறை கூட்டுவது, படுக்கை விரிப்பது, கூப்பிட்டால் சமையலுக்கும் நிற்பது. வேலூரில் ஜாஸ்தி நாள் தங்கிவிட்டதால் பௌர்ணமிக்கு லீவு கேட்க வாய் வரவில்லை. கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு, மகள் தலையில் கை வைத்துவிட்டு, இருட்டு பிரிவதற்கு முன்னாலேயே கிளம்பிவிட்டாள்.

அப்பாவும் மகளும் மட்டும் இருந்தார்கள். கூடவே முருகவேலின் ஆட்டோ, சீட்டு கழற்றிய நிலையில், கடை வாசலில் நின்றது.

முருகவேல் ரெண்டு டீ குடித்துவிட்டு வந்து மூணாவது முறையாகக் கேட்டான். "இன்னா பாய், ஜனம் மலையையே சுத்தி முடிச்சிடும் போல இருக்குது. சீட்டு ஆவுமா ஆவாதா?"

ஒரு ஓரம்தான் பாக்கி என்றான் தௌஹீத்.

"இது ஓரமா பாய்? ஓணான் ஓடுன மாதிரி இருக்குது. ஏறுறவன் உக்கார மாட்டான், பாத்துட்டே வாந்தி எடுப்பான்."

சானியா சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சிரிப்பு நின்றுபோனது. அப்பாவின் தையல் அவளுக்குத் தெரியும். கோடு போட்டு இழுத்த மாதிரி இருக்கும். வேறு கடையில் தைத்த சீட்டைப் பார்த்தால் நாள் முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருக்கிற ஆள். அவர் தையல் எப்படி ஓணான் மாதிரி ஓடும்?

மெஷின் நின்றது. பிரிக்கிற சத்தம் கேட்டது. மறுபடியும் மெஷின் ஓடியது. மறுபடியும் பிரித்தான்.

இந்த இடத்தில் ஊசிக் கதையைச் சொல்லிவிட வேண்டும். தௌஹீத்துக்கு இடது கண்ணில் பார்வை கிடையாது. கல்யாணத்துக்கு முன்னால், வேலை பழகிக்கொண்டிருந்த காலத்தில், மெஷின் ஊசி உடைந்து தெறித்தது. அந்த மாசமே கண் இருண்டுபோனது. ஊசிதான் கண்ணை எடுத்தது என்று வீடே நம்பியது. அதனால் சானியாவுக்கு ஒரே ஒரு தடை. மெஷின் ஓடும்போது கடைக்குள் காலை வைக்கக் கூடாது. தையல் கத்துக்கொடு என்று அவள் கெஞ்சியபோதெல்லாம் துரத்திவிட்டான். இப்போதுகூட பலகையை மெஷினுக்கு எட்டாத மூலையில்தான் போட்டிருக்கிறான், முகம் கீழே பார்த்துக் கிடக்கிறவள் கண்ணில் எந்த ஊசி போய்க் குத்தும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

வேலூரில் டாக்டர் எழிலரசி அவனுடைய கையையும் முதுகையும் பார்த்தார். இடது கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார், அது ஊசி இல்லை என்று. எலும்பு வளர்வதற்கு உடம்பு ஒரு நார் தயாரிக்கிறது. கண்ணுக்குள் இருக்கிற கூழையும் அதே நார்தான் கட்டிப் பிடித்திருக்கிறது. சில குடும்பத்தில் பிறக்கும்போதே அந்த நார் சரியாக அமைவதில்லை. எலும்பு குட்டையாக நின்றுவிடும். கண்ணுக்குள் கூழ் நீர்த்துப்போய், பின்னால் இருக்கிற திரையைப் பிடித்து இழுக்கும். அப்பாவிடம் இருந்தால் பிள்ளைக்கு வரலாம், வராமலும் போகலாம், பாதிக்குப் பாதி. தௌஹீத்துக்குப் புரிந்தது. பசை விட்டுப்போன சீட்டில் ரெக்சின் உரிந்து வருவதை அவன் பார்க்காத நாள் இல்லை.

மிச்சம் இருக்கிற வலது கண்ணைச் சோதிக்க அடுத்த வாரமே வாருங்கள் என்று டாக்டர் சொன்னார். சரிங்க என்றான். அந்த சரிங்க வேலூரிலேயே நின்றுவிட்டது.

சானியா மிரரை விட்டுவிட்டு அப்பாவின் காலைப் பார்க்க ஆரம்பித்தாள்.

சின்னக் கால், அகலமான கால். தண்ணீர் கொடுக்க வந்தபோது வலது கால் பக்கெட்டில் இடித்தது. போகும்போதும் அதே பக்கெட்டில் இடித்தது. வலது பெருவிரல் நகம் நீலமாகியிருந்தது. ஆழம் தெரியாத ஆற்றில் இறங்குகிறவன் மாதிரி, வலது காலை முன்னால் நீட்டித் தடவிப் பார்த்துவிட்டு அப்புறம்தான் ஊன்றினான். நிமிர்ந்து நடக்கிற யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். தரையை மட்டும் பார்க்கிறவளுக்கு அது தப்பவில்லை.

பலகை ஓரத்தில் இருந்த சிவப்பு எலாஸ்டிக் சுருளைக் கையால் தள்ளிவிட்டாள். அது அடியில் வலது பக்கமாக உருண்டு நின்றது.

"அப்பா, எலாஸ்டிக் விழுந்துடுச்சு. எடுத்துக் குடு."

அவன் குனிந்தான். வட்டத்துக்குள் அவனுடைய கை வந்தது. தரையில் மாவு தடவுகிற மாதிரி இந்தப் பக்கம் தடவியது. அந்தப் பக்கம் போனது, சுருளைத் தாண்டியது, திரும்பி வந்தது. விரலுக்கு ஒட்டினாற்போல் சிவப்பாக அது கிடந்தது. கை அதைப் பார்க்கவில்லை.



"அப்பா, உனக்கு இந்தப் பக்கம் தெரியலையா?"

வெயிலில் இருந்து உள்ளே வந்தேன், கண் கூசுது என்றான்.

"வெயிலே இல்லையே. தூறல் போடுதுனு நீதானே சொன்ன."

கை அப்படியே தரையில் நின்றது.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அவனிடம் இருந்து வந்தது. வேலூரில் இருந்து வந்ததிலிருந்தே ஓரத்தில் பொறி பறந்ததாம். அலைச்சல் என்று நினைத்தானாம். நேற்று மதியத்தில் இருந்து வலது பக்கம் கீழ் மூலையில் ஒரு நிழல். காலையில் அது கொஞ்சம் ஏறியிருக்கிறது. தைக்கிற கோடு அந்த நிழலுக்குள் போய்ப்போய் வருகிறது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். முதலில் உன் கண் ஆகட்டும் என்று இருந்தேன் என்றான். இன்றைக்கு ரோடெல்லாம் மூடிவிடுவார்கள், பஸ் ஊருக்கு வெளியேதான் நிற்கும், உன்னைத் தனியாக விட்டுவிட்டு எங்கே போவது, பௌர்ணமி முடியட்டும், நாளைக்கு முதல் பஸ்ஸில் போய்விடுகிறேன் என்றான்.

"நான் பரீட்சை முடியட்டும்னு இருந்தேன். நீ பௌர்ணமி முடியட்டும்னு சொல்ற."

அவன் தரையில் இருந்து கையை எடுத்துக்கொண்டான்.

"எனக்காவது இன்னொரு கண்ணு இருக்குது அப்பா."

எனக்கு ஒண்ணும் ஆகாது, நீ பேசாமல் படு என்று எழுந்து போகப் பார்த்தான். கால் மெஷின் பக்கம் திரும்பியது.

சானியா ரெண்டு உள்ளங்கையையும் பலகையில் ஊன்றினாள். நெற்றி ஃபோமை விட்டு எழும்பியது.

"நீ இப்ப கிளம்பலைனா நான் நிமிந்து உக்காந்துடுவேன்."

கத்தித் திட்டுவான் என்றுதான் நினைத்தாள். அவன் கத்தவில்லை. கால்கள் ஓடிவந்தன, பக்கெட் உருண்டது, தண்ணீர் தரையெல்லாம் பரவியது. அந்த ஈரத்திலேயே தௌஹீத் மல்லாந்து படுத்து, மிரரைத் தள்ளிவிட்டு, பலகைக்கு அடியில் நகர்ந்து வந்தான். வட்டத்துக்குள் அவனுடைய முகம் வந்தது.

நாள்கணக்கில் கால்களையே பார்த்தவளுக்கு முழுசாக ஒரு முகம் தெரிந்தது. தாடியில் ரெக்சின் தூசி. சவரம் பண்ணி ரொம்ப நாள் ஆகியிருந்தது.

"தலைய வை மொதல்ல."

"கிளம்புறியா?"

"வைம்மா. உன் காலைப் பிடிக்கிறேன்."

வைத்தாள். மூக்குக்கு மேல் மூக்கு இருக்கிற தூரத்தில் ரெண்டு பேரும் பார்த்துக்கொண்டார்கள். இவளுக்குக் கீழே அவன், ஈரத்தில். வாசலில் செருப்பில்லாத கால்கள் போய்க்கொண்டே இருந்தன.

"டாக்டரம்மா சொன்னாங்களே, ஊசி இல்லனு," என்றான் தௌஹீத். "அன்னிலேர்ந்து எனக்குத் தூக்கம் கிடையாது. உன்னை ஊசிகிட்ட வுடாம பொத்திப் பொத்தி வெச்சிருந்தேன். என்கிட்டேர்ந்துதான் அது வந்திருக்குது. ஊசி நான்தான் சானியா."

அவனே தொடர்ந்தான்.

"இந்தக் கண்ணு நல்லா இருந்துதுனா, அவங்க சொன்னது தப்புனு நெனச்சுக்கலாம். உனக்கு வந்தது என்னால இல்லனு இருந்துக்கலாம். இதுவும் போச்சுனா அது நெசம்னு ஆயிடுமே. அதான் போய்ப் பாக்க மனசு வரல."

சானியா அவனையே பார்த்தாள். தடித்த கண்ணாடிக்குப் பின்னால் அவளுடைய இடது கண் உளுந்து மாதிரி சின்னதாகத் தெரிந்தது அவனுக்கு.

"என் மூக்கு யாருது?" என்று கேட்டாள்.

"இன்னாது?"

"என் மூக்கு. யாருது?"

"என்னுது."

"நடை?"

"அதுவும் என்னுதுதான்."

"கணக்குல நூத்துக்கு நூறு?"

"அது உங்க அம்மியோடது. எனக்கு எங்க கணக்கு வந்துது."

"ஊர்ல யாராவது நடையப் பாத்துச் சிரிச்சா, ஏன் இப்படிப் பெத்தனு ஒரு நாளாவது உன்கிட்ட சண்டைக்கு வந்திருக்கேனா?"

இல்லை என்று தலையாட்டினான். ஈரத் தரையில் தலை உரசியது.

"அப்போ இதுக்கு மட்டும் ஏன் வரப்போறேன்? ஆனா நீ போகாம இங்கயே உக்காந்து தச்சுகிட்டிருந்தா சண்டைக்கு வருவேன். காலம்பூரா வருவேன்."

தௌஹீத்துக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண்ணில் இருந்து நீர் பக்கவாட்டில் வழிந்து காதுக்குள் போனது. துடைத்துவிட அவள் கையை நீட்டினாள். கை எட்டவில்லை. அவளுடைய கையும் குட்டைதான். அவனே தலையைக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தான்.

போறேன் என்றான்.

முருகவேல் வாசலில்தான் நின்றிருந்தான். எவ்வளவு கேட்டானோ தெரியாது. கிண்டல் எதுவும் இல்லை. உள்ளே வந்து தைக்காத ஃபோமைத் தூக்கிக்கொண்டு போய் ஆட்டோவில் பலகை மேல் போட்டான்.

"வா பாய். மெயின் ரோடு வேணாம், சந்து சந்தா போனா பஸ் நிக்கிற எடத்துல உட்டுடுவேன். கெட்டியா புடிச்சுக்கோ, சீட்டு தைக்கச் சொன்ன கடைக்காரன் ஏமாத்திட்டான்."

சானியா அங்கிருந்தே போன் போட்டாள். முதலில் அம்மிக்கு. சாயிரா பானு படுக்கை விரிப்பை உதறிக்கொண்டிருந்தாள். மகள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. கடைசியில், பஸ் நிற்கிற இடத்துக்கு நான் நடந்தே வந்துவிடுகிறேன், என்னை விட்டுவிட்டு ஏறக் கூடாது என்று சொல் என்றாள். உன்னை யார் பார்ப்பார்கள் என்று கேட்கும்போதுதான் குரல் உடைந்தது. புப்பு வருவாங்க என்றாள் சானியா.

புப்பு என்றால் உம்மே ஹானி, தௌஹீத்தின் அக்கா. நல்ல உயரம், நல்ல எலும்பு, அடுத்த சந்தில் வீடு. தம்பி வீட்டுக்கு வாரம் தவறாமல் ஏதாவது சமைத்துக் கொண்டுவருவாள். ஆனால் கடைக்குள் வர மாட்டாள், பின்வாசல் வழியாக வந்து பின்வாசல் வழியாகவே போய்விடுவாள். தம்பியைச் சின்ன வயசில் தையல் கடையில் கொண்டுபோய்ச் சேர்த்தது அவள்தான். அதற்குப் பிறகு அந்த மெஷினை அவள் கண்ணெடுத்துப் பார்த்ததில்லை.

இன்றைக்கு முன்வாசல் வழியாக மூச்சிரைக்க ஓடிவந்தாள். தௌஹீத் ஆட்டோவில் ஒரு காலை வைத்துவிட்டு நின்றான்.

"அக்கா, அது ஊசியால போகலையாம். பொறக்கும்போதே இருந்ததாம்."

உம்மே ஹானி அவனைப் பார்த்தாள். மெஷினைப் பார்த்தாள்.

"அப்போ நான் உன்னை அங்க சேத்தது..."

"நீ இல்லக்கா. நீ எதுவும் செய்யல."

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, அழுவதற்கு இதுவா நேரம், ஏறுடா முதல்ல என்று அவனை உள்ளே தள்ளினாள். தள்ளிய கை அவன் தோளை விட்டு வர நேரமானது.

ஆட்டோ கிளம்பியது. உம்மே ஹானி மிரரைத் திரும்பச் சாய்த்து வைத்தாள். சானியா அதில் பார்ப்பதற்குள் சக்கரம் கூட்டத்தின் கால்களுக்கு நடுவே மறைந்துவிட்டது.

மதியம் போய்க்கொண்டிருந்தது. புப்பு ஈரத்தைத் துடைத்தாள், சோறு பிசைந்து ஊட்டினாள், நடுநடுவே முருகவேலின் ஓட்டுதலைத் திட்டினாள். போகிற கூட்டம் ஜாஸ்தியாகிக்கொண்டே வந்தது. சானியா முகம் ஒட்டுகிற விளையாட்டை விளையாடவில்லை. கால்கள் வெறும் கால்களாகப் போயின.

பொழுது சாயும் நேரத்துக்கு அம்மியின் போன் வந்தது. புப்பு அதை வட்டத்துக்குக் கீழே பிடித்தாள்.

டாக்டர் எழிலரசி பார்த்துவிட்டாராம். திரை பாதி கழன்றுவிட்டது. ஆனால் நடுப்பாகம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, நூல் அளவில் நிற்கிறது. நாளைக்கு வந்திருந்தால் என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லையாம். உடனே ஆபரேஷன் பண்ண வேண்டும். ஒரே ஒரு சிக்கல். இந்த மாதிரி உடம்பில் கழுத்து எலும்பு ஆடும். மயக்கம் கொடுக்கிறவர் கழுத்தை ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் தொட மாட்டேன் என்கிறார். ஸ்கேன் நன்றாக இருந்தால் இன்றைக்கே மேஜைக்குப் போகலாம். இல்லாவிட்டால் என்ன செய்வது என்று அவர்களே கூடிப் பேசுகிறார்கள்.

"உங்க அப்பா ஸ்கேன் ரூமுக்குப் போயிருக்காரு. முடிஞ்சதும் போன் பண்றேன்," என்றாள் அம்மி. "ஒண்ணு சொல்லச் சொன்னாரு. தலைய வெச்சிருக்கியானு கேட்டாரு."

"வெச்சிருக்கேன்னு சொல்லு."

போனை வைத்தார்கள். வாசலில் யாரோ மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். டம்ளர் சத்தம் கேட்டது.

கண்ணுக்குச் சொட்டு மருந்து விட வேண்டிய நேரம். தினமும் அம்மிதான் விடுவாள். உம்மே ஹானி உயிர்க்கோழியை வெட்டி மசாலா போட்டுவிடுவாள், ஆனால் கண் என்றால் அவளுக்குப் பயம். சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து, மருந்தைப் பிடித்தபடி நின்றாள். என்ன செய்ய வேண்டும் என்று சானியாவே சொல்லிக்கொடுத்தாள். தலையைத் தூக்காமல் பக்கவாட்டில் மட்டும் திருப்புவேன், கீழ் இமையை இழுத்துப் பிடி, கண்ணைத் தொடாமல் ஒரு சொட்டு, அவ்வளவுதான்.

கண்ணாடியைக் கழற்றினாள். இடது கன்னம் ஃபோமில் அழுந்தியது. இடது கண் அதோடு புதைந்து மூடிக்கொண்டது. புப்பு வலது கண் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் மூடியை மெல்ல எடுத்தாள்.

இத்தனை நாளும் மூடியை எடுத்தால் அந்தக் கண்ணுக்குத் தெரிந்தது அரிசி கழுவிய தண்ணீர்தான். வெளுப்பாக ஏதோ ஆடும், அம்மி மருந்து விடுவாள், மூடிவிடுவாள். இன்றைக்கும் அதேதான் ஆடியது. புப்புவின் கை பயந்து பயந்து கிட்டே வந்தது. தூரம் சரியாகத் தெரியாமல் இன்னும் கிட்டே வந்தது, மூக்கை இடிக்கிற அளவுக்கு.

அந்தக் கழுவிய தண்ணீருக்குள் ஒரு நிறம் எழும்பியது. முதலில் கறை மாதிரி. பிறகு வளைவாக.

சானியா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். எதையும் இப்போது சொல்ல முடியாது, குமிழி கரையட்டும் என்று டாக்டர் சொன்னது ஞாபகம் இருந்தது. ஆசைப்பட்டு ஏமாறக் கூடாது என்று இருந்தாள். நிறம் போகவில்லை.

"புப்பு. பச்சை வளையலா போட்டிருக்க?"

"ஆமா, நேத்துதான் போட்டேன். ஆடாம இரு, கண்ணுல குத்திடப்..."

உம்மே ஹானி நிறுத்தினாள். ஃபோமுக்குள் புதைந்திருக்கிற இடது கண்ணைக் குனிந்து பார்த்தாள். கழற்றி வைத்த கண்ணாடியைப் பார்த்தாள். கையை அசைக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"எந்தக் கண்ணால பாத்த?"

சானியா பதில் சொல்ல வாயைத் திறந்தபோது மெஷின் மேல் வைத்திருந்த போன் அடிக்க ஆரம்பித்தது. சொட்டு தவறி அவள் கன்னத்தில் விழுந்தது.

"எடு புப்பு," என்றாள் சானியா. "நான் தலைய வெச்சுக்கிட்டுதான் இருக்கேன்."